பக்கத்தில் எது வருகிறது?

ஐயம்பேட்டையில் சாலையோரம் நிற்கும் சாயப்பட்டறை நான் கட்டியது. அதற்குப் பின்னால் இருக்கும் மாடி வீடும் நான் கட்டியது. பாலாற்றில் சாயத் தண்ணீர் கலக்கிறது என்று அதிகாரிகள் வந்து பட்டறைகளைப் பூட்டி முத்திரை வைத்தபோது மற்றவர்கள் மந்திரி வீட்டு வாசலில் போய் நின்றார்கள். நான் கையிலிருந்த நிலத்தை விற்று, கழிவுநீரைச் சுத்தம் செய்யும் தொட்டி கட்டினேன். எங்கள் வட்டாரத்தில் முதலில் திறந்த பூட்டு என்னுடையது. ஒரே பெண். அவளைப் படிக்கவைத்து பாங்கில் உட்காரவைத்தேன். ஓரிக்கையில் நான் பிறந்த கூலிக்காரத் தெருவில் கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பியதும் நான்தான். இத்தனைக்கும் நான் படித்தது நாலாம் வகுப்பு. மிச்சப் படிப்பு டீக்கடைப் பேப்பரில்.

சாயப்பட்டறைக்குள் நான் முதன்முதலில் நுழைந்தது தலையில் விறகுக் கட்டோடு. பட்டு நூலைத் தொட்டால் அடிப்பார்கள். எங்கள் தெருக்காரன் கை பட்டால் நூல் கெட்டுவிடும் என்று நம்பினார்கள். ‘டேய்’ என்று கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் ‘விறகு’ என்பார்கள். ஞானமுத்து என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. இன்றைக்குக் காஞ்சிபுரத்தில் எந்தப் பட்டுக் கடையிலாவது அரக்கு நிறத்தில் சந்தேகம் வந்தால் ‘ஞானமுத்துகிட்ட குட்த்துடு’ என்கிறார்கள். அந்தப் பெயரை நான் சும்மா வாங்கவில்லை.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவைக்கிறேன். ஏனென்றால் நான் எழுதப்போவது ஒரு பேராசிரியரைப் பற்றி. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் மற்ற எல்லோரும் பட்டம் வாங்கியவர்கள். கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர், போன மழைக்காலத்தில் இறந்தார். அவர் எழுதிய புத்தகத்தை அவர் மகள் மறுபடியும் அச்சிடுகிறாள், கூடவே இந்த மலரும் வருகிறது. அவள்தான் போன் செய்தாள்.

“அங்கிள், அப்பாவப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்க. உங்களுக்குத்தான் அவர ரொம்ப நாளா தெரியும்.”

தெரியும். அதனால் எழுதுகிறேன். எழுத்துப் பிழை திருத்தியது என் மகள், விஷயம் என்னுடையது. அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. மலரின் அட்டையிலேயே பெரிதாக இருக்கும், என் பேனா மை எதற்கு? அவரும் தன் புத்தகத்தில் என் பெயரை எழுதவில்லை. அதற்கு இது சரியாகப் போயிற்று.

அவருடைய பழைய மாணவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் எழுதுவார்கள், எனக்குத் தெரியும். சார் எதைக் கேட்டாலும் ‘பக்கத்துல எது வருது?’ என்று திருப்பிக் கேட்பார் என்பார்கள். அந்தக் கேள்விதான் அவருடைய முத்திரை என்பார்கள். ‘உண்மைன்னா என்ன சார்?’ என்றால், ‘பக்கத்துல எது வருது?’ ‘அவன் நல்ல பையனா சார்?’ என்றால், ‘பக்கத்துல யாரு?’ கல்யாணத் தரகர் ஒருவர் அடுத்த வீட்டுப் பையனைப் பற்றி விசாரிக்க அவரிடம் போய், நல்லவனா கெட்டவனா என்று கேட்டிருக்கிறார். “யாரோட பக்கத்துல வெச்சுக் கேக்கறீங்க?” என்றாராம் இவர். தரகர் தெருமுனைக்கு வந்து, “பையன் மேல ஏதோ கேஸ் இருக்குது, வாத்தியார் வாயத் தொறக்க மாட்டேங்கறாரு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கல்யாணம் நின்றது. இவருக்கு அதில் வருத்தம் இல்லை. தனியாக ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு வருகிறவனுக்கு அப்படித்தான் ஆகும் என்றார்.

இந்தக் கதையைச் சொல்லி எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி என்னுடையது.

அப்போது என் பட்டறை ஒரு ஓலைக் கொட்டகை. இரண்டு செப்பு அண்டா, ஒரு கிணறு, விறகு அடுக்க ஒரு மூலை, அவ்வளவுதான். எதிரே டீக்கடை. ஒரு நாள் காலையில் பட்டுக் கடை ஆள் ஒருவன் சின்னதாக ஒரு நூல் துண்டை எடுத்துக்கொண்டு வந்தான்.

“இந்த அரக்கு வேணும்பா. அப்டியே இருக்கணும்.”

“பக்கத்துல எது வருது?” என்றேன்.

“எது வந்தா உனக்கின்னா? நூலுக்குச் சாயம் போடறவன் நூலப் பாரு.”

“கரை இன்னா கலரு, முந்தி இன்னா கலருன்னு சொல்லாம நான் அண்டாவுல தண்ணி ஊத்த மாட்டேன். எட்த்துக்கினு போ.”

இது என் வழக்கம். அந்தக் காலத்தில் காஞ்சிபுரத்தில் வேறு எந்தச் சாயக்காரனும் இதைக் கேட்கவில்லை. கொடுத்த துண்டைப் பார்ப்பார்கள், அதே நிறத்தைக் கொண்டுவருவார்கள், கூலியை வாங்கிக்கொண்டு போவார்கள். புடவை நெய்து முடித்ததும் கடைக்காரன் வந்து நிறம் மாறிவிட்டது என்று கத்துவான். துண்டை வைத்துப் பார்த்தால் மாறியிருக்காது. இரண்டு பேரும் சத்தியம் செய்வார்கள். இரண்டு பேர் சொல்வதும் நிஜம்தான். கிளிப்பச்சைக் கரைக்குப் பக்கத்தில் வைத்தால் அரக்கு ஊதிவிட்ட தணல் மாதிரி எழும்பும். அதே அரக்கை மிளகாய்ச் சிவப்புக்குப் பக்கத்தில் வைத்தால் காய்ந்த ரத்தம் மாதிரி படுத்துவிடும். கத்தரிப்பூ நிறத்துக்குப் பக்கத்தில் செங்கல் தூள். நூல் ஒன்றுதான், அதைப் பார்க்கிற கண்ணுக்கு, பக்கத்தில் இருப்பதும் சேர்ந்துதான் தெரிகிறது.

இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நூலைத் தொட விடாமல் என்னைத் தள்ளி நிறுத்தினார்கள் இல்லையா, அங்கே நின்று பார்த்தேன். நூலைக் கையில் பிடித்தவனுக்கு நூல் மட்டும் தெரியும். தள்ளி நின்றவனுக்குத்தான் எல்லாம் சேர்ந்து தெரியும்.

கடை ஆள் முனகிக்கொண்டே கரையின் நிறத்தைச் சொன்னான். அப்போது டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து சாலையைத் தாண்டி வந்தார். ஒல்லி, உயரம், சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தார், கையில் குடை. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார். யாராவது சொல்வதைக் கவனமாகக் கேட்க வேண்டுமென்றால் கண்ணாடியைக் கழற்றுவது அவர் பழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“இப்ப என்னப்பா கேட்டே அவன்கிட்ட?”

“பக்கத்துல எது வருதுன்னு கேட்டேன் சார்.”

“ஏன்?”

நான் வாயால் சொல்லவில்லை. காய்ந்துகொண்டிருந்த அரக்கு நூல் கற்றை ஒன்றை எடுத்தேன், நாங்கள் அதைக் கழி என்போம். கொடியில் பச்சை தொங்கிக்கொண்டிருந்தது, சிவப்பு தொங்கிக்கொண்டிருந்தது. வெயிலில் முதலில் பச்சையோடு சேர்த்துப் பிடித்தேன், பிறகு சிவப்போடு. அவர் மறுபடியும் பிடிக்கச் சொன்னார். மறுபடியும் பிடித்தேன். கண்ணாடி இல்லாமல் எப்படித் தெரிந்ததோ, அந்த மனிதர் அங்கேயே, சேற்றிலேயே, குந்தி உட்கார்ந்துவிட்டார்.

“உன் பேரென்ன?”

“ஞானமுத்து.”

“ஞானமுத்து, வார்த்தையும் இப்படித்தான். ஒரு வார்த்தைக்குத் தனியா அர்த்தம் கிடையாது. மொழியில இருக்கிற மத்த வார்த்தைங்க எல்லாம் அதச் சுத்தி நின்னு அதுக்குக் கலர் குடுக்குது. ஒண்ண நகத்தினா எல்லாமே கொஞ்சம் நகரும். இத நான் பல வருஷமா காலேஜ்ல சொல்லிக்கிட்டு இருக்கேன். ஒருத்தனுக்கும் ஏறல.”

ஏறாமல் போனதற்குக் காரணம் உண்டு. அவருடைய மாணவன் ஒருவன் பிற்காலத்தில் என்னிடம் சொன்னான். ‘நீதி’ என்றால் என்ன என்று வகுப்பில் ஒருவன் கேட்டானாம். இவர் அகராதியைக் கொண்டுவரச் சொல்லி, கத்தரிக்கோலால் அந்த ஒரு சொல்லை மட்டும் நறுக்கி எடுத்து அவன் கையில் கொடுத்து, “இத வெச்சுக்கோ, இதுக்கு அர்த்தம் கண்டுபிடிச்சுக்கிட்டு வா” என்றாராம். அவன் அந்தத் துண்டோடு போனவன், வேறு பாடத்துக்கு மாறிக்கொண்டான். மனதில் விஷயம் இருந்தது அவருக்கு. அதைக் கண்ணில் காட்டத்தான் வழி தெரியவில்லை. அந்த வழியைக் காட்டியது என் கொட்டகை.

அன்றைக்கு என் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். எங்கள் தெருக்காரன் வீட்டில் படித்த மனிதர் ஒருவர் தண்ணீர் குடித்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அதையும் எழுதிவைக்கிறேன். அது உண்மை. அதனால்தான் பின்னால் நடந்தது எனக்கு அவ்வளவு வலித்தது. ‘டேய்’ என்று கூப்பிடுகிறவன் ஏமாற்றினால் அது அவன் புத்தி என்று போய்விடலாம். இவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் ஏறி வந்துவிடுவார். டீயைச் சர்க்கரை இல்லாமல் வாங்கி, சர்க்கரையைத் தனியாகக் கேட்டு வாங்கி நாக்கில் போட்டுக்கொண்டு குடிப்பார்.

“எல்லாம் சேந்துதான்னு சொல்றவரு, சக்கரைய மட்டும் தனியா வாங்கறீங்களே சார்” என்றேன் ஒரு நாள். டீக்கடைக்காரன் சிரித்து டீயைக் கொட்டிவிட்டான்.

“வயித்துக்குள்ள போய்ச் சேரும்பா” என்றார்.

நான் வெறுமனே நூலைப் பிடித்துக் காட்டியவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவருடைய புத்தகத்தில் மூன்றாவது அத்தியாயத்தைப் படித்தவர்களுக்கு மாதுளை நிறத்தின் கதை தெரியும். அதுவும் நான் சொன்னது.

“சார், பக்கத்துல வெச்சாத்தான் மாறும்னு இல்ல. பக்கத்துல வெக்காமலே மாறும்” என்றேன்.

“எப்படி?”

“முன்னெல்லாம் மிளகாய்ச் சிவப்ப விடக் கொஞ்சம் இருட்டா இருந்தா எல்லாமே அரக்குதான். அப்புறம் பம்பாய்லேர்ந்து டப்பாவுல புதுசா ஒரு பொடி வந்துச்சு. நடுவுல ஒரு சிவப்பு. கடைக்காரங்க அதுக்கு மாதுளைன்னு பேர் வெச்சாங்க. அதிலேர்ந்து இன்னா ஆச்சு? நான் போட்ட அரக்குல பாதிய, இது அரக்கு இல்ல, மாதுளைன்னு திருப்பி அனுப்பறானுங்க. என் அரக்கு அண்டாவுல நான் ஒரு சிட்டிகை மாத்தல. ஆனா அரக்கு மாறிப்போச்சு.”

கண்ணாடி கழன்றது. பிறகு என் தோளில் கை வைத்தார்.

சண்டையும் போட்டிருக்கிறேன். அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டவில்லை. ஒரு நாள் கேட்டேன். “எல்லா வார்த்தையும் தெரிஞ்சாத்தான் ஒரு வார்த்தை தெரியும்னா, கொழந்த எப்படி சார் பேச ஆரம்பிக்கும்? எங்க தெருவுலேர்ந்து வந்த எனக்குப் பட்டறைல பேசற ஒரு பேச்சும் புரியல. ஒண்ணொண்ணாத்தான் கத்துக்கினேன்.”

“ஒண்ணொண்ணா கத்துக்கிட்டதா நினைக்கிறே. முதல்ல மொத்தத்தையும் தப்பா புரிஞ்சுக்கிட்டே. அப்புறம் மொத்தமும் கொஞ்சங்கொஞ்சமா நேராச்சு.”

“சரி, உங்க தலைல இருக்கிற மொத்தம் வேற. என் தலைல இருக்கிற மொத்தம் வேற. அப்ப நீங்க சொல்ற அரக்கும் நான் சொல்ற அரக்கும் ஒண்ணு இல்லியே. அப்புறம் எப்டி பேசிக்கறோம்?”

மழைக்கால வானம் மாதிரி அவர் முகம் இருண்டது. “அதான் எனக்கும் தெரியல, ஞானமுத்து. அது இந்த யோசனையில இருக்கிற ஓட்டை. பெரிய பெரிய ஆளுங்களே அதுல விழுந்திருக்காங்க” என்றார். பிறகு, “ஆனா வேலை நடக்குது இல்ல? நான் கேட்டா நீ டீ சொல்றே” என்றார்.

என் மனைவி மோர் கொண்டுவந்தாள். அவள் முன்னால்தான் அதைச் சொன்னார்: “அம்மா, உங்க வீட்டுக்காரர் இல்லாம இந்தப் புத்தகம் இல்ல. அதுல அவர் பேர் இருக்கும்.”

புத்தகம் வந்தது. காஞ்சிபுரத்தில் ஒரு மண்டபத்தில் விழா. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். முன்வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு பையன் வந்து, இது பேச வந்தவர்களுக்கு என்று சொல்லிப் பின்னால் அனுப்பினான். மேடையில் இருந்த அவர் அதைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மகளை வாசிக்கச் சொன்னேன். அண்டா வந்தது. கொடியில் தொங்கிய பச்சை வந்தது. கடை ஆள் ‘எது வந்தா உனக்கின்னா’ என்றது வந்தது. பம்பாய் டப்பா வந்தது. பிறகு அந்த வரி: “சாயப்பட்டறை ஒன்றில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு ஒரு கேள்வி தோன்றியது: பக்கத்தில் எது வருகிறது?”

“அப்பா, இங்க உங்க பேர் இல்ல” என்றாள் மகள்.

“கடைசி வரைக்கும் படி.”

கடைசி வரைக்கும் படித்தாள். இல்லை.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். கோயில் தெருவில் மாடியறை, சுவர் தெரியாமல் புத்தகம். அவர் மனைவி இறந்து அப்போதே சில வருஷம் ஆகியிருந்தது; மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் காபி கொடுத்தாள்.

“சார், என் பேர் எங்க?”

“உக்காரு, ஞானமுத்து.”

“நின்னுக்கினே கேக்கறேன்.”

கண்ணாடியைக் கழற்றினார். “கோவிச்சுக்காதே. நீ கேட்டது நூலைப் பத்தின கேள்வி. அதுக்குப் பக்கத்துல அண்டா இருந்தது, கரை இருந்தது, கடைக்காரன் இருந்தான். நான் எழுதினது அர்த்தத்தைப் பத்தின கேள்வி. அதுக்குப் பக்கத்துல இருக்கிறது எல்லாம் வேற. அங்க வந்து உக்காந்ததும் அது வேற கேள்வியாயிடுச்சு. யோசிச்சுப் பாரு. அது உன்னோடது இல்ல.”

“அப்ப யாரோடது?”

“எழுதினவனோடது.”

“என் பொண்டாட்டிகிட்ட சொன்னீங்களே, பேர் இருக்கும்னு.”

“சொன்னேன். அன்னைக்கு நான் எழுத நினைச்ச புத்தகம் வேற.”

திருட்டு எத்தனையோ பார்த்திருக்கிறேன். நூலில் எடை குறைப்பான், சாயப் பொடியில் உப்புக் கலப்பான், பிடித்தால் காலில் விழுவான். எடுத்தது எடுத்தவனுக்கே சொந்தம் என்று இவ்வளவு அழகாக விளக்கிச் சொன்னவரை நான் பார்த்ததில்லை. அடுத்தவன் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்த் தன் கொட்டகையில் கட்டிவிட்டு, ‘கொட்டகை வேற, அதனால மாடும் வேற’ என்பது போல இருந்தது. காபியைத் தொடாமல் இறங்கி வந்தேன்.

“கேள்வியத்தான எடுத்தாரு. அண்டாவத் தூக்கிக்கினா போய்ட்டாரு? வுடுய்யா” என்றாள் என் மனைவி.

“அண்டா போனா வேற வாங்கலாம்டி” என்றேன்.

அவர் ஞாயிற்றுக்கிழமை வருவது நின்றது. பிறகு ஒரு நாள் வந்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்து, அதற்குள் இருந்த நூலை எடுத்தார். இறந்துபோன மனைவியின் முகூர்த்தப் புடவையின் உள் மடிப்பிலிருந்து எடுத்தது. அரக்கு.

“பாப்பாவுக்கு அவ அம்மா புடவைக் கலரே வேணுமாம். பழசு கட்டற நிலைமையில இல்ல. புதுசா நெய்யணும். உன் கையாலதான் சாயம் போடணும், ஞானமுத்து. இதே அரக்கு.”

பழைய பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த நூலைக் கொடுப்பதையே சமாதானம் என்று நினைத்தாரோ என்னவோ. அந்தப் பழைய புடவையை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பொங்கலுக்கு அந்த அம்மா கட்டியிருந்தார். கிளிப்பச்சைக் கரை.

நூலை வாங்கிக்கொண்டேன். “ஆகட்டும் சார்” என்றேன்.

என் தொழிலில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் நூல் வாங்கியது அந்த ஒரு தடவைதான்.

சாயம் போட்டேன். நான் போட்ட அரக்குகளிலேயே அப்படி ஒன்று வந்ததில்லை. அந்தத் துண்டைக் கழிக்குள் போட்டுவிட்டால் எது பழசு, எது புதுசு என்று எனக்கே தெரியாது. நூல் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்காரரிடம் போயிற்று. இரண்டு நாள் கழித்து அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார்.

“அண்ணே, அந்தப் பொண்ணு கடைல கலர் அட்டையப் பாத்து மிளகாய்ச் சிவப்புல கரை எட்த்திருக்குது. இந்த அரக்குக்கு அது ஆவாதே. நீ ஒரு வார்த்த கேட்டியா, இல்லியா?”

“கேக்கல.”

“நீயா கேக்கல?”

“நீ போய் நெய்யிப்பா.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

புடவை முடிந்ததும் பேராசிரியர் அதை எடுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். வெயிலில் பிரித்தார். புத்தம் புதுச் சரிகை, நல்ல நெசவு, அகலக் கரை. நடுவில் என் அரக்கு காய்ந்த ரத்தம் மாதிரி கிடந்தது. சாயம் போட்டதும் நான் திருப்பிக் கொடுத்திருந்த அந்தப் பழைய நூல் துண்டைப் பையிலிருந்து எடுத்து அதன் மேல் வைத்தார். துண்டு புடவைக்குள் காணாமல் போயிற்று, அவ்வளவு ஒற்றுமை. எடுத்தார், மறுபடி வைத்தார். உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் நான் ஏமாற்றிவிட்டேன் என்று கத்தியிருப்பார்கள். அவரால் முடியாது. என்ன நடந்திருக்கிறது என்று அவருக்குத்தான் முழுசாகத் தெரியும். அதைப் பற்றிப் புத்தகமே எழுதியவர்.

“பக்கத்துல எது வருதுன்னு நீ கேக்கவே இல்லையே, ஞானமுத்து” என்றார்.

“அது உங்க கேள்வியாச்சே சார். நீங்க கேட்டிருக்கணும்.”

டீக்கடையில் யாரோ டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது. அவர் புடவையை மடித்தார். அவருக்கு மடிக்கத் தெரியவில்லை. நான் உதவிக்குப் போகவில்லை. கல்யாணத்துக்கு நாள் இல்லை, வேறு நெய்ய முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். குடையை மறந்துவிட்டுப் போனார். ஆள் விட்டுக் கொடுத்தனுப்பினேன். அதற்குப் பிறகு அவர் ஐயம்பேட்டைக்கு வரவில்லை.

பத்திரிகை வந்தது, கல்யாணத்துக்குப் போனேன். ஏன் போகக்கூடாது? பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார்கள். மண்டப வாசலில் இரண்டு பக்கமும் குலையோடு வாழை மரம் கட்டியிருந்தது. படம் பிடிப்பவன் அவளை அங்கே நிறுத்தி, ஒரு இலையை முன்னால் இழுத்துவிட்டான். இலை கரையை மறைத்துக்கொண்டு விழுந்தது. அந்தப் பச்சைக்குப் பக்கத்தில் என் அரக்கு தணல் மாதிரி எழும்பியது. அந்த அம்மாவே வந்து நின்றது போல இருந்தது. பேராசிரியருக்கும் தெரிந்தது. கூட்டத்துக்கு நடுவில் என்னைத் தேடிப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பவில்லை. பிறகு பெண் நகர்ந்து மணவறைக்குள் போனாள், நிறமும் படுத்துவிட்டது.

நடந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இந்த மலருக்காக அவர் மகள் போனில் பேசியபோதுதான் எனக்கு அது தெரிந்தது.

“அந்தப் புடவ இன்னும் வெச்சிருக்கேன் அங்கிள். அம்மா கலர் வரலியேன்னு அன்னைக்கு அழுதேன். அப்பா, ஞானமுத்து மேல தப்பு இல்ல, நூல் அதே நூல்தான்னு சொன்னாரு. ஆனா வாசல்ல வாழ மரத்துகிட்ட எடுத்த போட்டோவுல மட்டும் அப்டியே அம்மா புடவ. ஏன்னே தெரியல.”

ஏன் என்று இதைப் படித்தால் தெரியும், அம்மா. நீ அழுததற்கு உன் அப்பாதான் காரணம். என் பேரைப் போட்டிருந்தால் நான் கேட்டிருப்பேன். கரையை மாற்றச் சொல்லியிருப்பேன். உன் அம்மாவையே உனக்குக் கட்டிவிட்டிருப்பேன். இதில் எனக்குத் தூக்கம் கெடவில்லை.

பேச்சு முடியும்போது அவள் சொன்னாள்: “புது பதிப்புல கடைசிப் பக்கம் ஒரு நன்றி லிஸ்ட் போடறோம் அங்கிள். அப்பாவுக்கு உதவி பண்ணவங்க முப்பது நாப்பது பேர் இருக்காங்க. உங்க பேரையும் சேத்துடறேன்.”

சேர்க்க வேண்டாம்.

இத்தனை வருஷம் அவர் சொன்னதை மனதில் போட்டு அலசியிருக்கிறேன். கேள்வி இடம் மாறியதும் வேறாகிவிட்டது என்றார். எப்படி மாறும்? அவர் கேள்வியை மட்டும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. அண்டாவை எடுத்துப்போனார், கொடியை எடுத்துப்போனார், பச்சையை, சிவப்பை, டப்பாவை, என்னை ஏசிய கடை ஆளைக்கூட எடுத்துப்போனார். பக்கத்தில் இருந்தது அத்தனையும் அந்த அத்தியாயத்தில் இருக்கிறது. அங்கே நின்றிருந்த ஒரு ஆள்தான் இல்லை. எல்லாம் சேர்ந்தால்தான் பொருள் என்று முன்னூறு பக்கம் எழுதியவர், சேர்த்திருந்ததில் ஒன்றை உருவிவிட்டு எழுதினார். அவர் கொள்கை நிஜம் என்றால் அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் தப்பாக நிற்கிறது. நாலாம் வகுப்பு படித்த நான் சொல்கிறேன். படித்தவர்கள் மறுத்துக் காட்டட்டும்.

ஆகவே கடைசிப் பக்கம் எனக்கு வேண்டாம். அச்சுக் கோத்தவருக்கும் அட்டைப்படம் போட்டவருக்கும் நடுவில் உட்கார்ந்தால், நானும் புத்தகத்துக்குக் கூலி வேலை பார்த்த ஒரு ஆள் என்றுதான் படிக்கிறவன் நினைப்பான். மூன்றாவது அத்தியாயத்துக்குப் போ, அம்மா. ‘எனக்கு ஒரு கேள்வி தோன்றியது’ என்று இருக்கிறதே, அதை அடித்துவிடு. அந்த இடத்தில், அண்டாவுக்கும் கடை ஆளுக்கும் பக்கத்தில், ‘ஓரிக்கை ஞானமுத்து கேட்டார்’ என்று போடு. அச்சுக்குப் போவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை எனக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அந்த வரி வந்தால் இந்தக் கட்டுரையையும் மலரில் போட்டுக்கொள்ளலாம்.